ஒரு முழத்துக்கு ஒரு சுரங்கம்

வரைபடத்தைப் பார்த்து முடித்த இயக்குநர், தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“மீதி எங்கம்மா?” என்றார்.

“இவ்வளவுதான் சார்,” என்றாள் சின்னவள்.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் வந்த பெயர் அது. அக்கா ஒருமுறை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு “எங்க சின்னவ இருக்காளா?” என்று கேட்டதில், ஆய்வு நிறுவனத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் குரல் பக்கத்து நாற்காலியைத் தாண்டிப் போகாது.

அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பொருட்களுக்குள் அதிவேகமாக நடக்கும் மாற்றங்களைப் படம்பிடிக்க, எலக்ட்ரான்களை வேகப்படுத்தி அனுப்பும் ஒரு முடுக்கி நிலையத்தை வடிவமைப்பது. நிலையத்தின் முழுப் பெயர் ஒரு பலகையில் அடங்காமல் வாசலில் இரண்டு பலகைகளாக நின்றது. அந்தப் பலகைகளையும் ஒரு வேலியையும் தவிர அப்போது அங்கே வேறெதுவும் இல்லை.

அவள் வரைந்து கொண்டு வந்திருந்தது ஒரு மேசை அளவு இயந்திரம். ஒரு மெல்லிய படிகத்தின் மேல் ஒளி பட்டால் உள்ளே இருக்கும் அணுக்கள் இடம் மாறுகின்றன. நாம் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் அவை லட்சம் கோடி முறை ஆடி முடித்துவிடும். அதில் எந்த அணு முதலில் நகர்கிறது? கல்லூரியில் படிக்கும்போது அவள் கேட்ட கேள்வி இது. அன்றைக்குப் பாடம் நடத்தியவர் “அது பரீட்சைக்கு வராது” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது அவளை விடவில்லை.

“எலக்ட்ரான்களைக் கொத்தாக அனுப்பி, அதை ஃபிளாஷ் மாதிரி வெச்சுப் படம் எடுக்கணும் சார். ஆனா எல்லா எலக்ட்ரானுக்கும் ஒரே மின்சுமை. ஒண்ணை ஒண்ணு பிடிக்காது. கிளம்பின நிமிஷத்துலேருந்து தள்ளிக்கிட்டே போகும். தூரம் கூடக் கூடக் கொத்து கலைஞ்சு நீண்டு போயிடும். படம் மங்கிடும். அதனால கிளம்புற இடத்துக்கும் படிகத்துக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருக்கணும்.”

அந்த வரைபடம் விரிக்கப்பட்டிருந்த கூட்ட அறை மேசையே ஒரு முழத்தைப் போலப் பல மடங்கு. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

“ஒரு முழம்,” என்றார் இயக்குநர். யாரோ இறந்த செய்தியைத் திரும்பச் சொல்வது போலிருந்தது. “அம்மா, இதுக்கு நான் எப்படித் திறப்பு விழா வைக்கறது? சிறப்பு விருந்தினர் வந்து எங்க நடப்பாரு? அந்தப் பக்கத்து நிறுவனத்துல அரை மைலுக்குச் சுரங்கம் தோண்டியிருக்கான். அதுல என்ன ஓடுதுன்னு இன்னிவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஏன் கேக்கல? நீளம்! நீளமா ஒண்ணைப் பாத்தா மனுஷனுக்குத் தானா மரியாதை வரும். கேள்வி வராது.”

கட்டிடப் பொறியாளர் தன் கவலையைச் சொன்னார். “நிலத்தைச் சுத்தி வேலி போட்டாச்சுங்க. வேலிக்குள்ள எதையாவது வெச்சே ஆகணும்.”

அன்றைய கூட்டம் ‘நீளக் குழு’ ஒன்றை அமைத்துவிட்டுக் கலைந்தது.

*

அக்கா புகைப்பட நிலையம் வைத்திருந்தாள். பாஸ்போர்ட் படம், பள்ளி அடையாள அட்டைப் படம், சில சமயம் கல்யாணம். சின்னவள் வேலை முடிந்து போனபோது, நாற்காலியில் ஒரு குழந்தை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். அக்கா கெஞ்சவில்லை. நெருங்கிப் போனாள், டக்கென்று எடுத்தாள், “முடிஞ்சுது, எறங்கு,” என்றாள்.

அவர்கள் போன பிறகு சின்னவள் நடந்ததைச் சொன்னாள்.

“ஆடுற புள்ளையைக் கிட்டப் போயி, சட்டுனு எடுக்கணும்,” என்றாள் அக்கா. “இதுல என்னடி சந்தேகம் அவங்களுக்கு?”

“நீளம் போதாதாம்.”

“கேமராவுக்கா?”

“ம்.”

“நீ என்ன சொன்னே?”

“சொன்னேன். கேக்கல.”

“கேக்கலையா, கேக்குற மாதிரி நீ சொல்லலையா? உன் வாய்க்குள்ள வர்ற பேச்சு உன் உதட்டுக்கே கேக்காது. நான் உன்கூட ஒரே ரூம்ல வளந்தவ, எனக்கே பாதி கேட்டதில்ல.”

சின்னவள் குழந்தையின் படத்தைப் பார்த்தாள். மூக்கு கூட அசையாமல் விழுந்திருந்தது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

*

நீளக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். கூட்டம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். அவர் யோசிக்கிறார் என்று ஒரு கட்சியும் தூங்குகிறார் என்று ஒரு கட்சியும் நிறுவனத்தில் இருந்தன. சின்னவள் இரண்டிலும் சேரவில்லை.

முதல் கூட்டத்தில் நிர்வாக அதிகாரி ஒரு யோசனை சொன்னார். “எலக்ட்ரான்கள் ஏன் கொத்தா போகணும்? ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா அனுப்பலாமே. தள்ளுமுள்ளு இருக்காது.”

“வரிசையா அனுப்பினா ஃபிளாஷ் நீண்டுடும் சார். அதுவும் அதே பிரச்சினைதான்.”

“அப்ப இது ஒழுங்குப் பிரச்சினை,” என்றார் நிர்வாக அதிகாரி திருப்தியுடன். தனக்குத் தெரிந்த வகையில் ஒரு பிரச்சினை கிடைத்துவிட்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. நிலையத்துக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளாமல் இருப்பதை வடிவமைப்புப் பிரிவு உறுதி செய்ய வேண்டும் என்றது. தவறினால் விளக்கம் கேட்கப்படுமாம். யாரிடம் என்று அதில் இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் நடுவழியில் எலக்ட்ரான்கள் இளைப்பாறிப் போக ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. மூன்றாவது கூட்டத்தில் வேறொருவர், “நாம ஏன் இவ்வளவு அவசரப்படணும்? அந்தப் படிகத்தைக் கொஞ்சம் மெதுவா நகரச் சொல்ல முடியாதா?” என்று கேட்டார். கேட்டவர் கிண்டல் செய்யவில்லை. ஒரு கோப்பு அவர் மேசையைத் தாண்ட ஒரு மழைக்காலம் பிடிக்கும். உலகத்தில் எதுவும் அதைவிட வேகமாக நடக்க வேண்டிய தேவை அவருக்குப் புரியவில்லை.

ஒவ்வொரு கூட்டத்திலும் சின்னவள் எழுந்து ஒரு முழம் என்றாள். ஒவ்வொரு கூட்டத்திலும் முடுக்கி வளர்ந்தது. கடைசியில் வேலியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போய் நின்றது. அதற்கு மேல் நிலம் இல்லாததால் நீளக் குழு தன் பணி நிறைவடைந்ததாக அறிவித்தது.

வேலைகள் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டன. முதல் கட்டம் சுரங்கம். இரண்டாம் கட்டம் குழாய். மூன்றாம் கட்டம் திறப்பு விழா. எலக்ட்ரான் நான்காம் கட்டத்தில் இருந்தது.

*

சின்னவளின் முதல் வடிவமைப்புக்காக வாங்கிய கருவிகள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டன. நான்காம் கட்டம்வரை அவற்றுக்கு வேலை இல்லை என்பதால், சுரங்கத்தின் கடைசியில் இருந்த சாமான் அறைக்குப் பெட்டி பெட்டியாகப் போயின. அங்கே காலியான பெயின்ட் டப்பாக்கள், கால் உடைந்த நாற்காலிகள், துடைப்பங்கள் இருந்தன.

அந்த அறையின் சாவி பம்ப் அண்ணனிடம் இருந்தது. குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர். சாமான் அறையில் மதியம் குட்டித் தூக்கம் போடுவதற்காகச் சாவியைக் கைவசம் வைத்திருந்தார்.

“தங்கச்சி, உன் பெட்டியெல்லாம் என் படுக்கையை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கு ஒரு வழி பண்ணு,” என்றார்.

சின்னவள் ஒரு கோரிக்கை எழுதினாள். நான்காம் கட்டம்வரை கருவிகள் கெடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க அனுமதி வேண்டும். அனுமதி உடனே வந்தது. கெடாமல் பார்ப்பதில் நிறுவனத்துக்கு எப்போதும் அக்கறை உண்டு, பயன்படுத்துவதில்தான் யோசனை.

ஒரு கருவி கெடவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் பொருத்த வேண்டும். சின்னவள் பொருத்தினாள். மேசை வந்தது. லேசர் ஒரு பக்கம், எலக்ட்ரான் கிளம்பும் இடம் ஒரு பக்கம், சரியாக ஒரு முழம் தள்ளிப் படிகம். அந்த ஒரு முழத்தைச் சுற்றி ஒரு சின்னக் குழாய். பம்ப் அண்ணன் அதிலிருந்து காற்றை எடுத்துத் தந்தார்.

“பெரிய குழாய்லயும் காத்தை எடுக்கச் சொல்லியிருக்காங்க,” என்றார் அவர். “உள்ள ஒண்ணுமே ஓடப் போறதில்லையே, எதுக்குன்னு கேட்டேன். ஒண்ணுமே இல்லாத குழாய்ல காத்து மட்டும் எதுக்குன்னு திருப்பிக் கேக்கறாரு கட்டிடக்காரரு. ஒருவேளை அவரு சொல்றது சரியோ?”

அவருக்குச் சின்னவளின் ஆராய்ச்சி என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. படுக்கை இருந்த இடத்தில் மேசை வந்துவிட்டதால், அதன் கீழே படுத்துக்கொண்டார்.

பகலெல்லாம் சுரங்கத்தில் இயந்திரங்கள் அதிர்ந்தன. மேசை நடுங்கியது, படம் கலைந்தது. தொழிலாளர்கள் சாப்பிடப் போகும் வேளையில் மட்டும் தரை அசையாது. ஆகவே உலகின் அதிவேக நிகழ்வுகள் பற்றிய ஆராய்ச்சி அந்த நிறுவனத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. பம்ப் அண்ணனின் குறட்டையும் ஓர் அதிர்வுதான் என்பதை அவள் சீக்கிரமே கண்டுபிடித்தாள். அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததும், திரையில் படமாக விழும் புள்ளிகள் தெளிந்தன.

*

திறப்பு விழா அன்று சுரங்க வேலை நிறுத்தப்பட்டிருந்தது. எல்லாரும் முன்வாசலில் இருந்தார்கள். தரை நாள் முழுக்க அசையாமல் இருக்கும் என்பது சின்னவளுக்கு மட்டும் தோன்றியது. அவள் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் வந்துகொண்டிருந்தது.

“இந்தச் சுரங்கத்தில் நடந்தால் கால் வலிக்கும். அந்த வலிதான் நமது சாதனை! எதிர்காலத்தில் இதனுள் அறிவியல் நுழையும்போது, இடப் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. நாங்கள் எலக்ட்ரானுக்காகக் காத்திருக்கவில்லை. எலக்ட்ரான்தான் எங்களுக்காகக் காத்திருக்கிறது!”

கைதட்டல். புள்ளிகள் ஒரு கணம் நடுங்கி நின்றன.

சிறப்பு விருந்தினர் ஒரு பொத்தானை அமுக்கியதும் சுரங்கத்தின் மறுமுனையில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. மின்வாரியத்துக்காரர் ஒருவர் நீளமாக ஒயர் இழுத்திருந்தார். விளக்கு எரிந்தது. “எலக்ட்ரான் போய்ச் சேர்ந்துவிட்டது!” என்றது ஒலிபெருக்கி.

அறிவியல்படி அது சரியில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் எலக்ட்ரான்கள் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. நின்ற இடத்திலேயே கொஞ்சம் முன்னால் வரும், கொஞ்சம் பின்னால் போகும், இருந்தும் விளக்கு எரியும். நிறுவனம் தன்னையறியாமல் தன்னைப் பற்றி உண்மையான ஒரு சோதனையைச் செய்து காட்டியிருந்தது.

சின்னவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிகத்தின் அணுக்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். ஒளி பட்டதும் என்ன நடக்கிறது என்பதைக் கொத்துக் கொத்தாக எலக்ட்ரான்கள் வந்து வரைந்துகொண்டிருந்தன. ஜோடிகளால் உண்டாகும் சில புள்ளிகள் முதலில் மங்கின. வேறு சில அப்புறம்தான் பிரகாசமாயின.

ஜோடிகள் முதலில் கையை விடுகின்றன. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அவ்வளவுதான். பரீட்சைக்கு வராத அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான். அவள் அதை மூன்று தடவை சரிபார்த்தாள். பிறகு ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அக்காவுக்குப் போன் செய்தாள்.

“விழுந்துடுச்சுக்கா. ஆடாம விழுந்துடுச்சு.”

“என்னடி இது, உன் குரல் எனக்கு நல்லாக் கேக்குது?” என்றாள் அக்கா.

*

படத்தைப் பார்த்த இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “பாத்தியா? நீளத்துக்குப் பலன் இருக்குன்னு நான் சொன்னேனா இல்லையா?”

“சார், இது சுரங்கத்துல எடுத்தது இல்ல. சாமான் ரூம்ல. ஒரு முழத்துல.”

அவர் உட்கார்ந்தார். எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் முட்டாள் இல்லை. ஒரு காலத்தில் நல்ல ஆராய்ச்சிகள் செய்தவர் என்று சொல்வார்கள். படத்தை அவர் பார்த்த விதத்திலிருந்து அது உண்மையாக இருக்கலாம் என்று சின்னவளுக்கும் பட்டது.

“அழகா இருக்கும்மா,” என்றார் மெதுவாக. “ஆனா யாருகிட்டயும் சொல்லிடாத. இவ்ளோ சின்னதுல வருதுன்னு தெரிஞ்சா அப்புறம் எல்லாரும் எடுத்துடுவாங்க. எல்லாரும் எடுக்க முடியறதுக்கு நாம எதுக்கு?”

“ஆய்வுக் கட்டுரையில தூரம் எவ்வளவுன்னு எழுதணுமே சார்.”

“சுரங்கத்தோட நீளத்தைப் போடு.”

“பொய் சார் அது.”

“பெரிசா இருக்கறதைப் பெரிசுன்னு சொல்றது எப்படிம்மா பொய்யாகும்?”

அடுத்த வாரம் வெளியூர் அறிஞர்கள், கல்லூரி ஆசிரியர்கள் எல்லாரும் கூடும் பெருங்கூட்டத்தில் அவள் படத்தைக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தூரத்தை யாராவது கேட்டால் சொல்ல, அதற்குள் நல்ல பதிலாக யோசித்துக்கொள்ளச் சொன்னார் இயக்குநர். சுரங்கம் என்று சொன்னால் அவள் வேலை நிரந்தரமாகும். ஒரு முழம் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

*

அரங்கம் நிறைந்திருந்தது. படம் திரையில் விழுந்ததும் சலசலப்பு அடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எங்கோ ஒரு சிறிய கல்லூரியின் ஆசிரியை.

“எலக்ட்ரான் கிளம்புற இடத்துக்கும் படிகத்துக்கும் என்ன தூரம்ங்க?”

இயக்குநர் சின்னவளைப் பார்த்தார். கட்டிடப் பொறியாளர் கூரையைப் பார்த்தார்.

“ஒரு முழம்,” என்றாள் சின்னவள். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததை மறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தியும் விட்டாள். அரங்கமே அதிர்ந்தது. “சுரங்கத்துல ஒண்ணும் ஓடல. இதைச் சாமான் ரூம்ல எடுத்தேன்!”

அப்போது நீளக் குழுத் தலைவரான பேராசிரியர் கண்ணைத் திறந்தார்.

“ஆஹா,” என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“அந்தப் பொண்ணு எவ்ளோ அழகாச் சொல்லிட்டா பாருங்க! வேகமாப் போற பொருளுக்கு எதிர்ல வர்ற தூரம் சுருங்கித் தெரியும். இது சார்பியல். நமக்கு இது பெரிய சுரங்கம். உள்ள பறக்குற எலக்ட்ரானோட கண்ணுக்கு? ஒரு முழம்! சுரங்கமே அதுக்குச் சாமான் ரூம் மாதிரி! தன்னை எலக்ட்ரானாவே நெனச்சுப் பேசுறா. இதுதான் விஞ்ஞானி!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இயக்குநர்தான் முதலில் எழுந்து தட்டினார்.

“இல்ல சார், அந்த அளவு சுருங்கற வேகத்துக்கு நம்மகிட்ட கருவியே இல்ல, குழாய் காலியா…” என்றாள் சின்னவள். அது யாருக்கும் கேட்கவில்லை. இந்த முறை குற்றம் அவள் குரலுடையது அல்ல.

பேராசிரியர் தொடர்ந்தார். “ஆனா ஒரு வருத்தம். இவ்ளோ செஞ்சும் பாவம் எலக்ட்ரானுக்குக் கிடைக்கறது ஒரு முழம்தான். இதை நாம சரி செய்யணும்.”

சுரங்கத்தை இரண்டு மடங்காக நீட்டுவது என்று அங்கேயே முடிவாயிற்று. பக்கத்து நிலத்துக்கு வேலி போடக் கட்டிடப் பொறியாளர் அப்போதே கிளம்பிவிட்டார். நீட்டும் பாதையில் சாமான் அறை குறுக்கே நிற்பதால் அதை இடித்துவிடுவது என்பதும் அந்த முடிவில் அடக்கம்.

*

கூட்டம் கலைந்ததும் கல்லூரி ஆசிரியை படிக்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, நிஜமாவே ஒரு முழமா?”

“நிஜமாவே.”

“எங்க காலேஜ்ல ஒரு ரூம் காலியா இருக்கு. பெரிசா இருக்காது. ஜன்னல்கூட ஒண்ணுதான்.”

“ஜன்னல் வேண்டாங்க,” என்றாள் சின்னவள். “அதை அடைச்சிடலாம்.”

இருவரும் அப்படியே இயக்குநரின் அறைக்குப் போனார்கள். மேசையைக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் அவர் மறுக்கவில்லை. அந்த மேசை தன் நிறுவனத்தில் இருக்கும்வரை யாராவது ஒருநாள் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

“எடுத்துக்கிட்டுப் போங்க. நான்காம் கட்டத்துக்குப் பெரிய கருவியா வாங்கிக்கறோம். இடிக்கிற ரூம்ல உள்ளதெல்லாம் கழிவுதான். ஆனா ஒரு நிபந்தனை. அதை முடுக்கின்னு கூப்பிடக் கூடாது. மேசைன்னு சொல்லணும்.”

“சரி சார்.”

“நீ எங்கம்மா போற? உனக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சே. கூட்டத்துல நீ பேசினது அவ்ளோ பிரமாதமா இருந்துது.”

சின்னவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்தாள்.

கழிவு ஏற்றும் சிறிய லாரியில் உடைந்த நாற்காலிகளும் பெயின்ட் டப்பாக்களும் முதலில் ஏறின. மேசையைப் பம்ப் அண்ணன் தன் படுக்கை விரிப்புகளால் சுற்றிக் கட்டி ஏற்றினார். “பாத்துப் போ தங்கச்சி. அங்க யாராவது மதியம் அதுக்கடியில படுத்தா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு,” என்றார். சின்னவள் பின்பக்கம் ஏறி மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசிரியை முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் வந்தால் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் காவலாளி லாரியை நிறுத்தினார். வெளியே போகும் ஒவ்வொன்றையும் எழுதி வைப்பது அவர் வேலை. நாற்காலி, டப்பா, துடைப்பம், மேசை என்று எழுதிக்கொண்டே வந்தவர் சின்னவளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“மேடம், கழிவு மட்டும்தான் இந்த வண்டில போகலாம். நீங்களும் அதுல சேர்த்தியா?”

“ஆமாண்ணே,” என்றாள் சின்னவள், தெருவுக்கே கேட்கும்படி. “எழுதிக்கோங்க.”

அவர் எழுதிக்கொண்டு கதவைத் திறந்தார்.